குடிக்கிற தண்ணீர் ஏரியில் தூண்டில் போடலாமா? குவாபின், வாச்சூசெட் பற்றிக் கொஞ்சம் விரிவாக

பாஸ்டன் பக்கத்தில் ஃப்ரேமிங்ஹாமுக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவரின் கேள்வி இது. வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் குவாபின், வாச்சூசெட் என்ற இரண்டு நீர்த்தேக்கங்களிலிருந்து வருகிறது, அதை வடிகட்டுவதே இல்லை என்று எங்கோ படித்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால் கரையில் ஆட்கள் வரிசையாகத் தூண்டில் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். நாயைக் கூட்டிப்போகக் கூடாது, நீந்தக் கூடாது, ஆனால் மீன் மட்டும் பிடிக்கலாம் என்றால் இது என்ன கணக்கு? குவாபினில் படகு விடுகிறார்கள், வாச்சூசெட்டில் விடுவதில்லை, ஏன்? பேசாமல் மொத்தத்தையும் மூடிவிட்டால் என்ன? அப்புறம், 11 வயது மகன் தூண்டில் வேண்டும் என்று நச்சரிக்கிறானாம், கூட்டிப்போகலாமா?

நான் இந்த இரண்டு ஏரிகளிலும் வருடக்கணக்காக மீன் பிடிக்கிறவன், அதே தண்ணீரைத்தான் வீட்டிலும் குடிக்கிறேன். அதனால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மகனைத் தாராளமாகக் கூட்டிப்போங்கள். கரையில் நின்று தூண்டில் போடுவதால் உங்கள் குழாய்த் தண்ணீருக்கு ஒன்றும் ஆகாது. மொத்தமாக மூட வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை. அதே சமயம், "குவாபினில் விடுகிறீர்களே, வாச்சூசெட்டிலும் படகு விடுங்கள்" என்று கேட்கும் மீன்பிடி நண்பர்களோடும் நான் ஒத்துப்போகவில்லை. இரண்டுக்கும் காரணம் இருக்கிறது, அது கொஞ்சம் நீளம்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். குடிநீர்த் தேக்கம் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஆற்றையும் ஓடையையும் மறித்துச் சேர்த்து வைத்திருக்கும் தண்ணீர், இனிமேல்தான் சுத்திகரிக்கப் போகிறார்கள். இன்னொன்று, சுத்திகரித்து முடித்து நேராக வீடுகளுக்குப் போகக் காத்திருக்கும் தண்ணீர். 2014-இல் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டில், மவுண்ட் டேபர் என்ற இடத்துத் திறந்த தேக்கத்தில் ஓர் இளைஞன் சிறுநீர் கழித்துவிட்டான் என்பதற்காக 3.8 கோடி காலன் தண்ணீரை வெளியே விட்டுவிடப் போவதாக அறிவித்தார்கள், உலகம் முழுக்கச் செய்தியானது. அது இரண்டாவது வகை. அன்று அதற்கும் மக்கள் வீட்டு டம்ளருக்கும் நடுவில் எதுவுமே இருக்கவில்லை. அப்படிப்பட்ட தேக்கத்தில் எவரும் மீன் பிடிக்கக் கேட்பதில்லை, கேட்டாலும் கொடுக்கக் கூடாது. குவாபினும் வாச்சூசெட்டும் முதல் வகை. மான் தண்ணீர் குடிக்கும், வாத்து நீந்தும், மீன் செத்து மிதக்கும், இலை விழுந்து அழுகும். அது இயற்கையான ஏரி நீர் என்ற கணக்கில்தான் மற்ற ஏற்பாடுகள் எல்லாம் நடக்கின்றன.

அளவையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குவாபினின் கொள்ளளவு 41,200 கோடி காலன், நம் கணக்கில் சுமார் 55 டி.எம்.சி. மேட்டூர் அணை நிரம்பினால் 93.47 டி.எம்.சி. என்பது நினைவிருந்தால், அதில் பாதிக்கும் மேலே. வாச்சூசெட் சின்னது, 6,500 கோடி காலன், ஒன்பது டி.எம்.சி.க்குக் கொஞ்சம் குறைவு. குவாபினிலிருந்து கிட்டத்தட்ட 25 மைல் நீளச் சுரங்கக் கால்வாய் வழியாகத் தண்ணீர் வாச்சூசெட்டுக்கு வருகிறது. அங்கே கிளின்டன் ஊரில் அணைக்குப் பக்கத்தில் இருக்கும் காஸ்குரோவ் என்ற உறிஞ்சுமிடத்தில் எடுத்து, மார்ல்பரோவில் உள்ள கேரல் ஆலைக்குக் கொண்டுபோகிறார்கள். 2005-இல் திறந்த ஆலை அது. அங்கே ஓசோன் செலுத்துகிறார்கள், 2014 முதல் புற ஊதாக் கதிரும் காட்டுகிறார்கள், அப்புறம்தான் பாஸ்டன் பக்கம் அனுப்புகிறார்கள். ஆக, மணல் வடிகட்டி இல்லை என்பது உண்மை. ஒன்றுமே செய்யாமல் அனுப்புகிறார்கள் என்பது உண்மையில்லை.

ஏன் வடிகட்டி இல்லை? ஏரி, ஆற்று நீரை எடுக்கும் எல்லா ஊரும் வடிகட்ட வேண்டும், மூலத்திலேயே தண்ணீர் சுத்தமாக இருப்பதை நிரூபித்தால் விலக்கு உண்டு என்று 1989-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை விதி போட்டது. விலக்குக்கான அளவுகோல் கடுமையானது. உதாரணத்துக்கு, 100 மில்லி தண்ணீரில் மலக் கிருமிகளின் எண்ணிக்கை 20-ஐத் தாண்டக் கூடாது, ஆறு மாதத்தில் எடுத்த மாதிரிகளில் 90 சதவீதமாவது இந்த அளவுக்குள் இருக்க வேண்டும். பாஸ்டன் நீர் வாரியம் வடிகட்டி கட்டியே ஆக வேண்டும் என்று முகமை 1998-இல் வழக்கே தொடுத்தது. வாரியம் பின்வாங்கவில்லை. அந்தப் பணத்தில் நீர்ப்பிடிப்புக் காட்டைப் பாதுகாக்கிறோம், துருப்பிடித்த பழைய இரும்புக் குழாய்களை மாற்றுகிறோம், ஓசோன் ஆலை கட்டுகிறோம், மக்களுக்கு அதுதான் அதிக நன்மை என்று வாதாடியது. 2000-இல் நீதிமன்றம் வாரியத்தின் பக்கம் தீர்ப்பளித்தது, 2001-இல் மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியானது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த ஏரிகளில் தூண்டில் போடுவது அன்றைக்கே நடந்துகொண்டிருந்தது. மலக் கிருமி முதல் காட்டு விலங்கு வரை ஒவ்வொன்றையும் கிளறிப் பார்த்த வழக்கு அது. அதற்குப் பிறகும் மீன்பிடி தொடர்கிறது.

வடிகட்டி இருந்தால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தூங்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். 1993-இல் மில்வாக்கி நகரத்தில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குழாய்த் தண்ணீரில் கலந்து சுமார் நான்கு லட்சம் பேர் வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். அந்த ஊரில் வடிகட்டி ஆலை இருந்தது. குளோரின் அந்த ஒட்டுண்ணியை ஒன்றும் செய்யாது, அதன் ஓடு அப்படிப்பட்டது. ஓசோனும் புற ஊதாக் கதிரும்தான் அதை முடக்கும். பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் இந்த ஆலையில் இப்போது இரண்டுமே இருக்கிறது.

சரி, கிருமி எங்கிருந்து வருகிறது? இங்கேதான் பலருடைய ஊகம் தவறிப்போகிறது. தூண்டில்காரனைப் பார்த்ததும் அவன்தான் ஆபத்து என்று தோன்றும், கண்ணுக்குத் தெரிகிற ஆள் அவன்தானே. ஆனால் 1990-களின் தொடக்கத்தில் வாச்சூசெட்டில் குளிர்காலத்து மலக் கிருமி எண்ணிக்கை ஏறியபோது தேடிப் பார்த்துக் கண்டுபிடித்தது கடற்காகங்களை. பகலெல்லாம் குப்பைமேட்டிலும் கடைகளின் கார் நிறுத்தத்திலும் பொறுக்கித் தின்றுவிட்டு, பொழுது சாயும்போது கூட்டம் கூட்டமாக வந்து ஏரி நடுவில் இறங்கி ராத்தங்கும். தின்றது அத்தனையும் ராத்திரி தண்ணீரில் கழிகிறது. அதுவும் உறிஞ்சுமிடத்துக்குப் பக்கத்திலேயே. அன்றிலிருந்து இன்றுவரை பறவைகளை விரட்டுவதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். சாயங்காலம் படகில் போய் வெடிச்சத்தம் போட்டு உறிஞ்சுமிடத்தை விட்டு அவற்றைத் தள்ளி வைக்கிறார்கள். இந்த ஒரு வேலையால் தண்ணீர் எவ்வளவு மேம்பட்டது என்பது அவர்களின் பரிசோதனைப் பதிவுகளிலேயே தெரியும். அதே மாதிரி ஜியார்டியா ஒட்டுண்ணியைச் சுமக்கும் பீவர், மஸ்க்ராட் போன்ற நீர்வாழ் விலங்குகளையும் உறிஞ்சுமிடத்தின் அருகே தங்க விடுவதில்லை.

மொத்தமாக மூடினால் என்ன ஆகும் என்று கேட்டீர்கள். மூடிப் பார்த்த ஊர் இருக்கிறது. போர்ட்லண்டின் புல் ரன் நீர்ப்பிடிப்புப் பகுதிக்குள் 1904 முதல் பொதுமக்கள் நுழையவே சட்டப்படி தடை. தூண்டிலாவது, காலடியாவது, எதுவுமே கிடையாது. 2017-இல் அந்தத் தண்ணீரில் திரும்பத் திரும்ப கிரிப்டோஸ்போரிடியம் தென்பட்டது, காட்டு விலங்குகளிடமிருந்து. அதுவரை அந்த ஊருக்கு இருந்த விலக்கை மாநில அரசு ரத்து செய்தது, இப்போது பெரும் செலவில் வடிகட்டி ஆலை கட்டுகிறார்கள். மனிதனை வெளியே நிறுத்துவது தப்பு என்று நான் சொல்லவில்லை, நூறு வருடமாக அந்தக் காட்டை அவர்கள் காப்பாற்றி வைத்திருப்பது பெரிய காரியம். ஆனால் வேலி போட்டால் தண்ணீர் சுத்தமாகிவிடும் என்பவர்கள் புல் ரன்னுக்கு என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும்.

மனிதனால் வரும் ஆபத்து இல்லவே இல்லையா என்றால், இருக்கிறது. இரண்டு வழியில் வருகிறது. ஒன்று மனித மலம். கரைக்கு அருகே ஒதுங்கிவிட்டுப் போகிறவர்களால் வருவது. இன்னொன்று படகு. இதில் படகுதான் எனக்கு அதிகக் கவலை தருவது, ஏனென்றால் மலக் கிருமியைக் காலமும் வெயிலும் ஓசோனும் கொல்லும், படகில் ஒட்டி வருவது வந்துவிட்டால் பிறகு போகவே போகாது.

ஜீப்ரா மஸல் என்று விரல்நகம் அளவில் ஒரு மட்டி இருக்கிறது, ஓட்டில் வரிவரியாக இருக்கும். 1988-இல் அமெரிக்கப் பேரேரிகள் பகுதியில் முதலில் கண்டார்கள், ஐரோப்பாவிலிருந்து சரக்குக் கப்பல்களின் அடித்தண்ணீரில் வந்து சேர்ந்தது. எது கிடைத்தாலும் ஒட்டிக்கொண்டு ஒன்றின் மேல் ஒன்றாக வளரும். அடுத்த வருடமே மிச்சிகன் மாநிலத்து மன்ரோ நகரத்தின் உறிஞ்சு குழாயை அடைத்து ஊரையே தண்ணீர் இல்லாமல் தவிக்க விட்டது. அதன் குஞ்சு கண்ணுக்குத் தெரியாது, படகின் அடியில் தேங்கிய ஒரு கோப்பைத் தண்ணீரில் ஊர் விட்டு ஊர் போய்விடும். 2009 ஜூலையில் மாசசூசெட்ஸின் மேற்குப் பக்கம் லீ என்ற ஊரில் லாரல் ஏரியில் இந்த மட்டி கிடைத்தது. உடனே குவாபினில் தனியார் படகுகளை நிறுத்திவிட்டார்கள். குவாபின் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து குறைவு, மட்டிக்கு ஓடு கட்டவே கஷ்டப்படும், வந்தாலும் பெரிதாகப் பெருகாது என்று அறிவியலாளர்கள் சொன்னது உண்மைதான். ஆனால் 25 லட்சத்துக்கும் மேற்பட்டோர் குடிக்கிற தண்ணீரை வைத்துக்கொண்டு "அநேகமாக வராது" என்று சும்மா இருக்க முடியுமா? நிறுத்தியது சரி என்றே அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு கொண்டுவந்த ஏற்பாடுதான் எனக்குப் பிடித்தது. உங்கள் சொந்தப் படகை குவாபினில் இறக்க வேண்டும் என்றால் இரண்டு வழி. ஒன்று, வெயில் காலத்தில் சுடுநீர்க் கழுவல். ஆள் வந்து படகின் அடியை ஒரு விளக்கை வைத்துக்கொண்டு அங்குலம் அங்குலமாகப் பார்ப்பார், நங்கூரக் கயிற்றின் மடிப்பை விரித்துப் பார்ப்பார், படகை ஏற்றி இழுத்துவரும் ட்ரெய்லர் வண்டிச் சட்டத்தின் குழாய்க்குள் ஏதாவது புல் சிக்கியிருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்ப்பார். மீன் போட்டுவைக்கும் தொட்டியைத் திறக்கச் சொல்வார். அப்புறம் 60 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடான தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பார்கள், இன்ஜினுக்கு உள்ளேயும் சுடுநீர் ஓடும். எல்லாம் முடிந்ததும் படகையும் வண்டியையும் சேர்த்து ஒரு கம்பி முத்திரை. அந்த முத்திரை அறுபடாமல் இருந்தால் நேராக ஏரிக்கு வரலாம். நடுவில் வேறு ஏரியில் இறக்க வேண்டும் என்றால் முத்திரையை அறுத்தாக வேண்டும், அறுத்தால் திரும்ப முதலிலிருந்து. இரண்டாவது வழி இன்னும் எளிது: பனிக்காலம் தொடங்கும்போதே முத்திரை வாங்கிக்கொண்டு படகை வெளியில் விட்டுவிட வேண்டியது, ஒரு மாசசூசெட்ஸ் குளிர்காலம் முழுக்க உறைந்து காய்ந்தால் எந்த மட்டியும் பிழைக்காது. இரண்டும் வேண்டாம் என்றால் அங்கேயே வாடகைப் படகு கிடைக்கும், அது ஏரியை விட்டு வெளியே போவதே இல்லை.

இதைப் பற்றி முணுமுணுக்கிறவர்கள் உண்டு. படகு வைத்திருக்கும் நண்பர்கள் சிலர் இன்னும் அடங்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், ஆபத்து எந்த வாசல் வழியாக வருகிறதோ அந்த வாசலில் மட்டும் ஆளை நிறுத்தியிருக்கிறார்கள். கரையில் தூண்டிலோடு நிற்கிறவனைத் தொந்தரவு செய்யவில்லை, ஏரியையும் பூட்டவில்லை. நியூயார்க்கிலும் கிட்டத்தட்ட இதே புத்திதான். அந்த நகரத்துக்கு 19 நீர்த்தேக்கங்கள், பெரும்பாலான தண்ணீர் கேட்ஸ்கில் மலைப் பக்கத்திலிருந்து வடிகட்டாமல் வருகிறது, வடிகட்டி கட்டினால் 1,000 கோடி டாலர் அளவில் ஆகும் என்பார்கள். மீன் பிடிக்க இலவச அனுமதிச் சீட்டு கொடுக்கிறார்கள். படகு என்றால் துடுப்புப் படகு, நீராவியில் கழுவி, அந்த ஒரே ஏரிக்கரையில் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். கரையோரம் மரங்களுக்கு நடுவே சங்கிலி போட்ட படகுகள் வரிசையாகக் கிடப்பதை அந்தப் பக்கம் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள்.

அப்படியானால் வாச்சூசெட்டில் மட்டும் ஏன் படகு கூடாது? தண்ணீர் உறிஞ்சுமிடத்துக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு காலம் ஏரியில் தங்குகிறது என்பதுதான் பதில். குவாபினில் வடகோடியில் விழுந்த ஒரு துளி, பாஸ்டனுக்குப் போக வருடங்கள் ஆகும். அவ்வளவு பெரிய ஏரி, அவ்வளவு மெதுவான நகர்வு. அதிலும் அணையை ஒட்டிய தெற்குப் பகுதியில் படகு போக முடியாது, ப்ரெஸ்காட் தீபகற்பத்தில் யாரும் இறங்க முடியாது. வாச்சூசெட் கடைசி ஏரி. அதைத் தாண்டினால் நேராகச் சுரங்கம், ஆலை, குழாய். கோடையில் நடப்பதைக் கேட்டால் இன்னும் தெளிவாகும்: குவாபினிலிருந்து வரும் குளிர்ந்த தண்ணீர் வாச்சூசெட்டின் வெதுவெதுப்பான மேல்தட்டோடு கலக்காது, அதற்குக் கீழே புகுந்து ஒரு தனிப் பட்டையாக ஏரியைக் கடந்து சில வாரங்களிலேயே உறிஞ்சுமிடத்துக்கு வந்துவிடும். வருடங்கள் எங்கே, வாரங்கள் எங்கே! அந்த ஏரியில் ஒரு படகு கவிழ்ந்து பெட்ரோல் கொட்டினாலோ, ஒருவர் அவசரத்துக்குப் படகிலேயே எதையாவது செய்தாலோ திருத்திக்கொள்ள அவகாசம் குறைவு. கரையிலிருந்து தூண்டில் போதும். வாச்சூசெட் கரையிலேயே ஏப்ரலில் பனி உருகியதும் லேக் ட்ரவுட்டும் சால்மனும் ஸ்மெல்ட் என்ற சின்ன மீன்களைத் துரத்திக்கொண்டு கையெட்டும் தூரத்துக்கு வருகின்றன, படகே தேவையில்லை.

இந்தக் கேள்வியில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, வெளியூரிலிருந்து வந்த நமக்கு அது சட்டென்று தெரியாது. குவாபினுக்காக நான்கு ஊர்கள் அழிந்தன: டேனா, என்ஃபீல்ட், கிரீன்விச், ப்ரெஸ்காட். 1938 ஏப்ரல் 28-ஆம் தேதி இந்த நான்கு ஊர்களும் சட்டப்படி இல்லாமல் போயின. முந்தின ராத்திரி என்ஃபீல்ட் ஊர்மன்றத்தில் கடைசியாக ஒரு நடன விருந்து வைத்துப் பிரிந்தார்கள். சுமார் 2,500 பேர் வெளியேறினார்கள், 7,500-க்கும் மேற்பட்ட கல்லறைகளைத் தோண்டி வேறு இடத்துக்கு மாற்றினார்கள். 1939-இல் தண்ணீர் நிரப்ப ஆரம்பித்து 1946-இல் நிரம்பியது. வாச்சூசெட்டுக்காக அதற்கும் முன்பே வெஸ்ட் பாய்ல்ஸ்டன் ஊரின் பெரும்பகுதி போனது, தண்ணீர் விளிம்பில் தனியாக நிற்கும் அந்தக் கல் தேவாலயம் அதன் மிச்சம். நகரத்தின் தாகத்துக்காக ஊரையும் வயலையும் ஆற்றையும் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் சுற்றுவட்டாரத்தில்தான் வாழ்கிறார்கள். குவாபினுக்காக மறித்த ஸ்விஃப்ட் ஆற்றில் அவர்களின் தாத்தாக்கள் மீன் பிடித்தவர்கள்தான். ஏரி நிரம்பிய 1946-லேயே கரை மீன்பிடிப்பையும் 1952-இல் படகையும் அனுமதித்தார்கள் என்றால் அதை யாரோ போட்ட சலுகை என்று நான் பார்க்கவில்லை, கொடுத்ததில் ஒரு துளியைத் திருப்பிக் கொடுத்தது என்றுதான் பார்க்கிறேன். குவாபினின் 40-ஆம் எண் நுழைவு வாசலில் இறங்கி பழைய தார்ச்சாலையில் நடந்து டேனா ஊர்த் திடலுக்குப் போய்ப் பாருங்கள். வீடுகள் இல்லை, நிலவறைக் குழிகள் மட்டும் கல் சுவரோடு அப்படியே இருக்கின்றன, நடுவில் மரம் முளைத்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்த பிறகு "எல்லோரையும் வெளியே தள்ளிப் பூட்டுங்கள்" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு நடைமுறை விஷயமும் உண்டு. குவாபினின் கரை, தீவுகளையும் சேர்த்தால் 181 மைல். அவ்வளவு தூரத்தையும் காவலர்கள் பார்த்துக்கொள்ள முடியாது. விடியற்காலையில் ஒதுக்குப்புற வளைவில் நிற்கிற மீன்பிடிக்காரன்தான் எண்ணெய்ப் படலத்தையும், செத்துக் கிடக்கும் பறவையையும், ராத்திரி கூடாரம் போட்டு நெருப்பு மூட்டியவர்களின் தடத்தையும் முதலில் பார்க்கிறவன். அவனை உள்ளே விட்டால் அந்த ஏரி அவனுடையதாகிறது. போன் பண்ணிச் சொல்கிறான்.

நம் ஊரில் ஏரி மீனை மீன்பாசிக் குத்தகைக்கு விட்டுப் பழகியவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும், இங்கே யார் ஏலம் எடுத்திருக்கிறார்கள் என்று. யாரும் இல்லை. வலை போட்டு விற்கிற தொழில் இந்த ஏரிகளில் கிடையாது. லைசென்ஸ் வாங்கிய யாரும் தூண்டில் போடலாம், தினசரி வரம்புக்கு உட்பட்டு வீட்டுக்கு எடுத்துப்போகலாம்.

எனக்கு வருத்தம் எதில் என்றால் கழிப்பறையில். சில வாசல்களிலிருந்து ஏரிக்கு நல்ல நடை, குழந்தைகளோடு வருகிறவர்கள் என்ன செய்வார்கள்? வேண்டிய இடத்திலெல்லாம் கழிப்பறை இல்லை. மலம்தான் இரண்டாவது பெரிய ஆபத்து என்று தெரிந்த பிறகு, அதற்குக் கதவு போட்ட ஓர் இடத்தைக் கட்டுவதைவிட முக்கியமான செலவு என்ன இருக்கிறது? மீன்பிடி அனுமதியைக் குறைக்கச் சொல்லிக் கூட்டம் போடுகிறவர்கள் இதைக் கேட்டால் நானும் கூட நின்று கேட்பேன். அதுவரை நம் கையில் இருப்பது: கிளம்பும் முன்பே வேலையை முடித்துக்கொண்டு போவது, கழிப்பறை எந்த வாசலில் இருக்கிறது என்று பார்த்து அதற்குப் பக்கத்தில் இடம் பிடிப்பது. சின்னக் குழந்தையின் டயப்பரைப் புதருக்குள் வீசிவிட்டுப் போகிறவர்களை நானே பார்த்துச் சண்டை போட்டிருக்கிறேன், நம் ஆட்களிடமும்தான்.

ஈயத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த அல்லது யாரோ கொடுத்த பழைய தூண்டில் பெட்டியில் அது நிச்சயம் இருக்கும். லூன் என்று ஒரு நீர்ப்பறவை, சிவந்த கண், முதுகில் வெள்ளைப் புள்ளிகள், ராத்திரி அதன் குரலைக் கேட்டால் மறக்காது. மாசசூசெட்ஸிலிருந்தே மறைந்துபோன பறவை 1975-இல் திரும்ப வந்து கூடு கட்டியது குவாபினில்தான். அது இரையை அரைப்பதற்காகக் கூழாங்கல் பொறுக்கி விழுங்கும், அப்போது தூண்டிலிலிருந்து அறுந்து விழுந்த ஈயக் குண்டையும் சேர்த்து விழுங்கிவிடும். ஒரே ஒரு குண்டு போதும், வயிற்றில் கரைந்து சில வாரங்களில் செத்துவிடும். அதனால் இந்த இரண்டு ஏரிகளில் ஈயத்தை முதலில் தடுத்தார்கள், 2012 முதல் மாநிலத்தின் எல்லா நன்னீரிலும் ஒரு அவுன்ஸுக்குக் குறைந்த ஈயக் குண்டுக்குத் தடை. கடையில் தகரம், எஃகு, டங்ஸ்டன் குண்டுகள் கிடைக்கும். அறுந்த தங்கூசி நரம்பையும் சுருட்டிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், பறவைக் காலில் சுற்றினால் அதுவும் எமன்தான்.

மகன் விஷயம். 15 வயதுக்குக் கீழே லைசென்ஸ் வேண்டாம், நீங்களும் தூண்டிலைப் பிடிக்கப் போகிறீர்கள் என்றால் உங்களுக்கு வேண்டும், இணையத்தில் ஐந்து நிமிட வேலை. முதல் தடவைக்கு வாச்சூசெட் கரை போதும், ஃப்ரேமிங்ஹாமிலிருந்து அதுதான் பக்கம். ஜூன் மாதம் பாறை நிறைந்த கரையாகப் பார்த்து, சின்ன முள்ளில் மண்புழு மாட்டி ஒரு தக்கையும் கட்டிக் கொடுங்கள், ஸ்மால்மவுத் பாஸ் என்ற மீன் கிடைத்தால் பையன் அன்றிலிருந்து உங்களைத் தூங்க விடமாட்டான். செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்க மட்டும் விடாதீர்கள், வெறும் உடம்பு தண்ணீரில் படக் கூடாது என்பதில் காவலர்கள் கறாராக இருப்பார்கள். நாய், மது, நெருப்பு மூன்றும் கூடாது. எந்த வாசல் திறந்திருக்கிறது, எந்தக் கரை தடை, பருவம் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதெல்லாம் அந்தந்த ஆண்டு வரைபடத்தில் இருக்கும், கிளம்பும் முன் ஒரு தடவை பாருங்கள். மீந்துபோன புழுவையும் குட்டி மீன் இரையையும் ஏரியில் கொட்டாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து குப்பையில் போடுங்கள்.

பிடித்த மீனைக் குழம்பு வைக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். தண்ணீர் இவ்வளவு சுத்தமாக இருந்தும் மீனில் பாதரசம் இருக்கிறது. அனல்மின் நிலையப் புகையிலிருந்து காற்றில் வந்து விழுவது, ஏரி அடிச் சேற்றில் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன, சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏறிக்கொண்டே போகும். தண்ணீரில் அது மிக மிகக் குறைவு, குடிக்க ஆபத்தில்லை, வயதான பெரிய மீனின் சதையில்தான் சேர்ந்துவிடுகிறது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 12 வயதுக்குட்பட்ட குழந்தைகள் மாநிலத்தில் பிடிக்கும் நன்னீர் மீனைச் சாப்பிட வேண்டாம், அரசு வளர்த்து விடுகிற ட்ரவுட் போன்றவை மட்டும் பரவாயில்லை என்பது பொதுச் சுகாதாரத் துறையின் அறிவுரை. உங்கள் மகனுக்கு 11 என்றால் அவனுக்குத் தட்டில் வைக்காதீர்கள். பெரியவர்களுக்கு எந்த மீன், எவ்வளவு நீளம் வரை என்று இந்த ஏரிகளுக்குத் தனியாகவே பட்டியல் வைத்திருக்கிறார்கள், அதைப் பார்த்துவிட்டு மீனை எடுத்துவாருங்கள். பையன் பிடிப்பதை முள்ளிலிருந்து மெதுவாகக் கழற்றி ஏரியிலேயே விடச் சொல்லிக்கொடுங்கள், கையை முதலில் ஈரப்படுத்திக்கொண்டு, கரைப் பக்கம் குனிந்து, ஒரு நிமிடத்துக்குள்.